ஒரு வரியில் சொன்னால் மானம் போகும்: கூச்சமான அனிமேக்களைப் பார்க்கத் தொடங்குவது எப்படி

‘இப்போது என்ன தொடர் பார்க்கிறாய்?’ என்று யாராவது கேட்டால், சில அனிமேக்களின், அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்களின், பெயரைச் சொல்லிவிடலாம். கதையைத்தான் சொல்ல முடியாது. பள்ளி மாணவிகள் பாட்டும் நடனமும் கற்பதுபோல் டாங்கி ஓட்டக் கற்கிறார்கள். ஒரு பையன் சமைத்ததை வாயில் வைத்தவர்களின் ஆடைகள் ருசி தாங்காமல் பறந்துபோகின்றன. பானங்கள் விற்கும் தானியங்கி இயந்திரத்தின் அடியில் நசுங்கிச் செத்தவன், மறுபிறவியில் அந்த இயந்திரமாகவே பிறக்கிறான். மூன்றும் நிஜமாகவே இருக்கும் தொடர்கள். மூன்றையும் பார்த்திருக்கிறேன், அதில் இரண்டை இரண்டு முறை.

நருட்டோ, டெத் நோட் போன்ற பெரிய பெயர்களை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தேடும்போது இப்படிப்பட்ட தொடர் ஒன்றை யாராவது சொல்லியிருப்பார்கள். கதைச்சுருக்கத்தைப் படித்ததும் பக்கத்தை மூடியிருப்பீர்கள். அந்தப் பக்கத்தை மறுபடி திறக்கத்தான் இந்தக் கட்டுரை. இந்த வகைத் தொடர்களில் கதைக்கருவைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. எடுத்தவர்கள் எந்த இடத்தில் மெனக்கெட்டிருக்கிறார்கள் என்று தேட வேண்டும். அது கிடைத்துவிட்டால் கூச்சம் பாதி போய்விடும். கிடைக்காவிட்டால் தொடரை அங்கேயே விட்டுவிடலாம்.

முதலில், எதற்காகக் கூசுகிறீர்கள் என்று பாருங்கள்

எல்லாக் கூச்சமும் ஒன்றல்ல. டாங்கி ஓட்டும் மாணவிகள் என்பது வெறும் அசட்டுத்தனம்; சொல்லும்போது சிரிப்பு வரும், பார்க்கும்போது வீட்டில் யார் வந்தாலும் கவலையில்லை. ஆடை பறக்கும் தொடர் வேறு வகை. உடலைக் காட்டிப் பார்வையாளரை இழுக்கும் இந்த உத்திக்கு ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஃபேன் சர்வீஸ்’. இன்னொரு வகையில் கதைக்கரு நன்றாகவே இருக்கும், ஆனால் ஊரே அந்தத் தொடரைத் திட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கிறேன் என்று சொன்னால் உங்கள் ரசனையையே சந்தேகிப்பார்கள்.

இவை ஏன் இப்படி இருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் கோபம் கொஞ்சம் தணியும். ஜப்பானில் ‘ஷோசெட்சுகா நி நரோ’ என்றொரு இணையதளம் 2004 முதல் இருக்கிறது. ‘நாவலாசிரியர் ஆகலாம்’ என்று பொருள். யார் வேண்டுமானாலும் அங்கே தொடர்கதை எழுதலாம். ஆயிரக்கணக்கான கதைகள் வரிசையாக நிற்கும் பட்டியலில் வாசகர் கண்ணில் படுவது தலைப்பு மட்டும்தான். அதனால் தலைப்பே கதைச்சுருக்கமாக நீண்டுபோனது. கருவும் மற்ற கதைகளைவிட ஒரு படி அதிகமாகக் கிறுக்குப் பிடித்தது. இயந்திரமாகப் பிறந்தவன் கதை அங்கிருந்து வந்ததுதான்.

ஃபேன் சர்வீஸுக்குக் காரணம் வேறு. இந்தத் தொடர்களில் பெரும்பாலானவை அங்கே நள்ளிரவுக்குமேல் ஒளிபரப்பாகின்றன. பல நிறுவனங்கள் சேர்ந்து பணம் போட்டுத் தயாரித்து, ஒளிபரப்பு நேரத்தையும் தாங்களே வாங்குவார்கள். போட்ட பணம் பல ஆண்டுகளாக டிவிடி, ப்ளூ-ரே விற்பனையில்தான் திரும்பி வந்தது. தொலைக்காட்சியில் மறைத்ததை வட்டில் மறைக்காமல் விற்பது ஒரு வியாபார உத்தி. கலைக்காகத்தான் ஆடை பறக்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தொடக்கத்துக்கு டாங்கி

புதியவர்களுக்கு முதலில் நான் சொல்வது ‘கேர்ள்ஸ் உண்ட் பான்சர்’. 2012 அக்டோபரில் தொடங்கியது, கதை 12 எபிசோடுகளில் முடிந்துவிடும். தயாரிப்பு தாமதமானதால் கடைசி இரண்டும் 2013 மார்ச்சில்தான் வந்தன. தேநீர்ச் சடங்கு, பூ அலங்காரம்போல டாங்கி ஓட்டுவதும் நல்ல குடும்பத்துப் பெண்கள் பயிலும் பாரம்பரியக் கலை என்பது அந்த உலகத்தின் விதி. ஏன் என்று தொடர் விளக்காது, நீங்களும் கேட்காதீர்கள். டாங்கியின் உட்புறத்தில் விசேஷப் பூச்சு இருப்பதால் யாருக்கும் அடிபடாது என்று ஒரே ஒரு சமாதானம் சொல்வார்கள். அதற்குமேல் அவர்களும் வெட்கப்படவில்லை.

நாயகி மிஹோ டாங்கிப் போட்டியே இல்லாத பள்ளியைத் தேடி ஓடி வந்தவள். பழைய பள்ளிக்காக ஆடியபோது, அணியினர் டாங்கியோடு தண்ணீரில் விழுந்துவிட்டார்கள். தன் வண்டியை விட்டிறங்கி அவர்களைக் காப்பாற்றப் போனாள்; அந்த நேரத்தில் கோப்பை கைவிட்டுப் போனது. வீட்டிலும் பள்ளியிலும் அதை யாரும் மன்னிக்கவில்லை. அசட்டுக் கருவுக்குள் இப்படி ஒரு காயத்தை வைத்திருக்கிறார்கள்.

4ஆம் எபிசோடுவரை பொறுங்கள். அதில் ஆங்கிலேயப் பாணிப் பள்ளியுடன் ஓராய் நகரத் தெருக்களில் ஒரு போட்டி நடக்கும். எதிரணித் தலைவி டாங்கிக்குள் தேநீர் அருந்துவாள், குலுக்கலில் ஒரு சொட்டுகூடச் சிந்தாது. ஒரு டாங்கி கடையை இடித்துக்கொண்டு போக, கடைக்காரர் அழுவதற்குப் பதிலாக, புதுசாகக் கட்டிக்கொள்ளலாம் என்று துள்ளுவார். அடுத்தது அமெரிக்கப் பாணிப் பள்ளியுடன். எதிரணி வானில் பலூன் ஏற்றி வானொலிப் பேச்சை ஒட்டுக்கேட்கிறது. மிஹோவுக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் சண்டைக்குப் போகவில்லை, புகார் செய்யவில்லை. வானொலியில் பொய்க் கட்டளைகளைச் சொல்லிக்கொண்டே, உண்மையான கட்டளைகளைக் கைபேசியில் குறுஞ்செய்தியாக அனுப்புகிறாள். மெனக்கெட்ட இடம் இதுதான்: ஒவ்வொரு போட்டியும் தந்திரம், நிலப்பரப்பு, வண்டியின் பலம் பலவீனம் என்று சதுரங்கம்போல் கட்டப்பட்டிருக்கிறது.

ஓராய் கற்பனை ஊரல்ல. இபராக்கி மாநிலத்தின் கடற்கரை நகரம். 2011 மார்ச் சுனாமியில் அடிபட்டது. அடுத்த ஆண்டு தொடர் வந்ததும் ரசிகர்கள் அங்கே வரத் தொடங்கினார்கள். இன்று கடைகளின் வாசலில் பாத்திரங்களின் ஆளுயரப் படங்கள் நிற்கின்றன. கதைக்கருவைக் கேட்டுச் சிரித்தவர்கள் அந்த ஊர்க் கடைக்காரர்களிடம் சிரித்துப் பார்க்கட்டும்.

டாங்கி பிடித்திருந்தால் அடுத்து இயந்திரத்துக்குப் போகலாம். ‘தானியங்கி விற்பனை இயந்திரமாக மறுபிறவி எடுத்தேன், இப்போது நிலவறைகளில் அலைகிறேன்’ என்று தலைப்பைத் தமிழாக்கலாம். முதல் சீசன் 2023இல் வந்தது. நாயகனுக்குக் கைகால் இல்லை. பேச்சும் இல்லை, ஜப்பானிய இயந்திரங்களில் பதிவாகியிருக்கும் சில வாக்கியங்கள் மட்டுமே அவன் வாயில் வரும். ‘வருக’ என்றால் ஆம். ‘பரிசு விழவில்லை’ என்ற பொருளில் அந்த இயந்திரங்கள் சொல்லும் ‘ஸன்னென்’ என்றால் இல்லை. உரையாடலைப் பெரும்பாலும் இந்த இரண்டையும் வைத்தே ஓட்டுகிறார்கள். லம்மிஸ் என்ற பெண் அவனை முதுகில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக நடக்கிறாள். பசித்தவனுக்குச் சூடான சூப், தாகமெடுத்தவனுக்குக் குளிர்ந்த நீர் என்று சரியான பொருளைச் சரியான நேரத்தில் கீழே தள்ளுவதுதான் அவன் வீரம். மகா காவியம் என்று சொல்ல மாட்டேன். நாளைக்கு ஒரு எபிசோடு வீதம், இரவு உணவோடு பார்க்க ஏற்றது.

ஹெட்போன் போட வேண்டிய கட்டம்

இப்போது ஆடை பறக்கும் தொடர். ‘ஷோகுகெக்கி நோ சோமா’, வெளிநாடுகளில் ‘ஃபுட் வார்ஸ்’ என்ற பெயரில் ஓடியது. 2015 முதல் 2020 வரை ஐந்து சீசன்கள். சிறு உணவகம் நடத்தும் அப்பாவின் மகன் சோமா, பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் சமையல் கல்விக்கூடத்தில் சேர்ந்து ஒவ்வொருவராகச் சவாலுக்கு இழுக்கிறான்.

இதற்கு முன்னேற்பாடுகள் தேவை. வீட்டுக் கூடத்தில் பெரிய டிவியில் போடாதீர்கள். கைபேசி அல்லது மடிக்கணினி, ஹெட்போன், முதுகுக்குப் பின்னால் சுவர். ஜப்பானிய ஒலியில், துணைத்தலைப்போடு பாருங்கள். க்ரஞ்சிரோல் தளத்தில் சில அனிமேக்கள் தமிழிலேயே பேசுகின்றன, நல்ல விஷயம்தான். ஆனால் இந்த வகையில், வேற்றுமொழியில் கேட்டால் வேடிக்கையாகத் தோன்றும் முனகலும் வசனமும் தாய்மொழியில் வந்தால் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும்.

நான் கூடத்தில்தான் பார்த்தேன். யாருமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தை பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. அப்போது ஓடிக்கொண்டிருந்தது இறைச்சிச் சவால். எதிராளி விலையுயர்ந்த முதல்தர மாட்டிறைச்சியோடு வருகிறாள். சோமா வாங்கி வந்தது மலிவான, மெல்லவே முடியாத இறைச்சி. அதைத் தட்டி, நறுக்கிய வெங்காயத்தை அப்பி ஊறவைக்கிறான். பிறகு வாட்டி, சோற்றின்மேல் அடுக்கி நீட்டுகிறான். நடுவர் ஒரு வாய் வைத்ததும் வழக்கம்போல் எல்லாம் பறந்தது. திரும்பிப் பார்த்தால் அத்தை. ஆடை பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வெங்காயத்தை எதற்கு இறைச்சிமேல் அப்பினான் என்று கேட்டார். இறைச்சி மிருதுவாவதற்கு என்றேன். பப்பாளிக்காய் போட்டால் இதைவிடச் சீக்கிரம் வெந்துவிடுமே, அந்தப் பையனுக்குச் சொல்லித்தர ஆளில்லையா என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார்.

அந்த உணவு கதைக்காகக் கற்பனை செய்ததல்ல. 1936இல் ரஷ்ய ஓபரா பாடகர் ஷலியாப்பின் டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டலில் தங்கியிருந்தபோது பல்வலியால் அவதிப்பட்டார். அவர் மென்று சாப்பிட வசதியாக அங்கிருந்த சமையல்காரர் வெங்காயத்தில் ஊறவைத்த மாட்டிறைச்சியை உருவாக்கினார். ஷலியாப்பின் ஸ்டேக் என்ற பெயரில் ஜப்பானில் இன்றும் கிடைக்கிறது. தொடரின் மூலமான மங்காவுக்கு, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதைக்கு, சமையல் குறிப்புகள் தருவதற்கென்றே மோரிசாகி யூகி என்ற சமையல் கலைஞர் இருந்தார். மெனக்கெட்ட இடம் எது என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. முதல் எபிசோடில் நல்ல இறைச்சி எதுவும் மிஞ்சாத சமையலறையில் மசித்த உருளைக்கிழங்கையும் காளானையும் பேக்கனில் சுற்றிச் சுட்டு ‘பன்றி இறைச்சி ரோஸ்ட்’ என்று பரிமாறுவான். அதைச் செய்துபார்த்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். முதல் சீசனின் கடைசியில் கறிக் குழம்புப் போட்டி வரும். அதில் ஒருவன் துளசியை அபூர்வ நறுமணப் பொருளாகப் பயன்படுத்த, அரங்கமே வியக்கும். நம் வாசலில் இருக்கும் செடிக்கு இவ்வளவு பின்னணி இசையா என்று எனக்குப் பெருமையாகவும் சிரிப்பாகவும் இருந்தது.

முதல் இரண்டு சீசன்களைப் பாருங்கள். மூன்றாவதும் பரவாயில்லை. ஐந்தாவது வேண்டாம், அங்கே சமையல் போய், மின்ரம்பம் பிடித்துச் சமைக்கும் வில்லன்கள் வந்துவிடுகிறார்கள். கதைக்கரு கூச்சமாக இருந்ததைவிட முடிவு கூச்சமாகிப்போன தொடர் இது.

இதே வகையில் ‘கெய்ஜோ’ (2016, 12 எபிசோடுகள்) என்ற ஒன்றைப் பற்றிக் கேள்விப்படுவீர்கள். நீர்மேல் மிதக்கும் மேடையில் வீராங்கனைகள் பின்புறத்தாலும் மார்பாலும் மட்டுமே இடித்து ஒருவரையொருவர் தள்ள வேண்டும். கையைப் பயன்படுத்தக் கூடாது. இதை ஒரு நொடிகூடச் சிரிக்காமல், ஒலிம்பிக் விளையாட்டுக்குப் பயிற்சி எடுப்பதுபோல எடுத்திருக்கிறார்கள். இடிக்கும் முறை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், அதற்கொரு கடுந்தவம், அதற்கொரு முன்கதை. சண்டைத் தொடர்களை நிறையப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேலி புரியும், மற்றவர்களுக்கு வெறும் இடிதான். ஆகவே இது முதல் தொடராக இருக்கவே கூடாது.

ஊரே திட்டும் தொடரை எப்படிப் பார்ப்பது

முழுதாகப் பார்க்காமல், வெட்டிப் பார்க்க வேண்டும்.

‘ஸ்வார்ட் ஆர்ட் ஆன்லைன்’ இதற்கு நல்ல பாடம். 10,000 பேர் ஒரு மெய்நிகர் விளையாட்டுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். 100 தளங்களைக் கடந்தால்தான் வெளியே வரலாம், உள்ளே செத்தால் வெளியிலும் சாவு. அருமையான கரு. ஆனால் நாயகன் கிரிட்டோவுக்கு எதுவும் கடினமாக இல்லை, சந்திக்கும் பெண்கள் எல்லோருக்கும் அவனைப் பிடித்துவிடுகிறது. 15ஆம் எபிசோடிலிருந்து, அதுவரை வாளோடு நின்ற நாயகி அசுனாவைக் கூண்டில் அடைத்து, மீட்க வேண்டிய பொருளாக்கிவிட்டார்கள். திட்டுகிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அதனால் 2012இன் முதல் சீசனில் 14 எபிசோடுகளோடு நிறுத்துங்கள். கிரிட்டோவும் அசுனாவும் உயிரோடு வெளியே வந்து ‘ஆல்ஃப்ஹைம்’ என்ற வேறொரு விளையாட்டில் நண்பர்களோடு கூடுகிறார்கள் என்று மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, 2014இன் இரண்டாம் சீசனுக்குத் தாவி 18 முதல் 24 வரை பாருங்கள். ஏழு எபிசோடுகள்தான். அங்கே கிரிட்டோ ஓரத்தில் நிற்கிறான்; கதை அசுனாவுக்கும், தீராத நோயுள்ள யூக்கி என்ற சிறுமிக்கும் உரியது. கூடவே அசுனாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு பனிப்போர். படிப்பு, பள்ளி மாற்றம், நல்ல இடத்தில் திருமணம் என்று அம்மா போடும் திட்டங்கள் நம் வீட்டுக் கூடத்தில் கேட்டவைபோலவே இருக்கும். அம்மாவுக்குக் கருவியை மாட்டி அந்த விளையாட்டுக்குள் அழைத்துப்போகிறாள் அசுனா. பனி பெய்யும் காட்டுக்குள் ஒரு மரவீடு. சன்னல் வழியே தெரியும் மரங்கள், கிராமத்தில் இருந்த தன் பெற்றோரின் வீட்டை அம்மாவுக்கு நினைவூட்டுகின்றன. அவர் அழுகிறார், துடைக்கிறார், நிற்கவில்லை. இந்த உலகத்தில் கண்ணீரை மறைக்க முடியாது என்கிறாள் மகள். அவ்வளவு திட்டு வாங்கிய தொடருக்குள் இப்படியொரு காட்சி கிடக்கிறது.

எங்கே நிறுத்துவது

மூன்று எபிசோடு பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று ரசிகர்கள் சொல்வார்கள். அசட்டுத் தொடர்களுக்கு அது சரி. சதைத் தொடர்களுக்கு ஒன்றே போதும். மெனக்கெட்ட இடம் முதல் எபிசோடிலேயே தெரியாவிட்டால் பிறகும் தெரியாது.

இன்னொன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்த உலகத்தில் பள்ளி வயதுப் பாத்திரங்களைக் காமக் கண்ணோடு காட்டுவது சகஜமாக இருக்கிறது. வன்கொடுமையை நகைச்சுவையாகவோ பழிவாங்கலாகவோ பரிமாறும் தொடர்களும் உண்டு. அவற்றைப் பார்க்கும்போது வருவது கூச்சமல்ல, அருவருப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘பழகிவிடும், பார்’ என்று யாராவது வற்புறுத்தினால், பழக வேண்டிய அவசியம் இல்லை. ஃபுட் வார்ஸிலேயே எனக்கு நெருடிய இடங்கள் இருக்கின்றன, விரலால் தள்ளிவிட்டேன். தொடங்குமுன் வயதுச் சான்றையும் உள்ளடக்க எச்சரிக்கையையும் படித்துக்கொள்வது ஒரு நிமிட வேலை. வீட்டில் பிள்ளைகள் உங்கள் கணக்கைப் பயன்படுத்தினால் தனிச் சுயவிவரம் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமான ஒன்று

இதெல்லாம் புதிது என்று நினைத்தால், ஷின்சானை மறந்துவிட்டீர்கள். பின்புறத்தைக் காட்டி ஆடும் ஐந்து வயதுப் பையன் தமிழில் பேசியபோது நம் வீடுகளில் நடந்த சண்டைகள் கொஞ்சமா? ஜப்பானிலும் அதே கதைதான். 1990இல் பெரியவர்களுக்கான பத்திரிகையில் சித்திரக்கதையாகத் தொடங்கியது, 1992இல் தொலைக்காட்சிக்கு வந்தது. பிள்ளைகள் பார்க்கக் கூடாத நிகழ்ச்சி எது என்று பெற்றோர்-ஆசிரியர் சங்கம் கேட்டபோதெல்லாம் அங்கே அதன் பெயர் அடிபட்டது. இந்தியாவில் 2008இல் தடையே வந்தது, பிறகு திரும்பி வந்தது.

அதன் 2001ஆம் ஆண்டுத் திரைப்படத்தை இந்தப் பட்டியலின் கடைசியில் பாருங்கள். இயக்கியவர் ஹாரா கெய்ச்சி. பழைய காலத்தின் வாசனையைப் பரப்பிப் பெரியவர்களை எல்லாம் குழந்தைகளாக்கிவிடுகிறது ஒரு கும்பல். ஷின்சானின் அப்பா ஹிரோஷியும் பிள்ளைகளை மறந்து, சிறுவனாகி உட்கார்ந்திருக்கிறார். ஷின்சானுக்குத் தெரிந்த ஒரே மாற்று மருந்து அப்பாவின் ஷூ. தொடர் முழுக்க அந்த நாற்றத்தை வைத்துக் கேலி செய்திருப்பார்கள். அதைக் கழற்றி அவர் மூக்கில் வைக்கிறான்.

பிறகு வசனமே இல்லை. தன் அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகும் சிறுவன். காதல் தோல்வி. ஊரை விட்டு நகரத்துக்கு வருவது. வேலை, திட்டு, வெயிலில் அலைச்சல். மனைவியாகப்போகும் மிசாயே. கையில் முதல் குழந்தை. இரவு தாமதமாகத் திறக்கும் வீட்டுக் கதவு. அந்த ஷூ நாறியது ஏன் என்று அப்போதுதான் புரிகிறது.

இந்தப் படத்தைப் பரிந்துரைக்கும்போது என்ன கதை என்று கேட்பார்கள். ‘ஒருவர் தன் ஷூவை முகர்ந்து பார்த்து அழுகிறார்’ என்று சொல்கிறேன். இதுவரை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள், ஒருவர் அத்தை.